எட்டு மார்க்

டை பிடிக்கிற வரைக்கும் தலையை ஆட்டாதிய அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு இசக்கிமுத்து அடுத்த நாற்காலிக்காரருக்குச் சவரம் செய்யப் போய்விட்டார், நானும் ஆட்டாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆட்டக் கூடாது என்று சொன்ன கணத்திலிருந்து காதுக்கு மேலே ஓர் இடம் அரிக்கத் தொடங்கியிருக்கிறது, சொறிந்தால் விரல் கறுப்பாகும், விரல் கறுப்பானால் நாளைக்குக் கல்யாண வீட்டில் யாருக்கும் கை கொடுக்க முடியாது. நாளைக்கு மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். இந்தத் தலையோடு வந்து நின்றால் பெண்ணுக்குத் தாத்தாவா என்று கேட்பார்கள் என்று சண்பகம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதுக்காரன் ஐம்பத்தாறு வயதுக்காரனாகத் தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கேட்காமல் வந்து கழுத்தில் கறுப்புத் துணியை இறுக்கிக்கொண்டு இந்த நாற்றத்தில் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கிறேன். கண்ணாடிக்கு மேலே டிவி. டிவியில் ஒரு பேய்ப்படம், பேய்ப்படம் என்று அதைச் சொல்வதற்கே வாய் கூசுகிறது, வெள்ளைச் சேலைப் பேய் ஒன்று நான்கு பேரை ஒரு பங்களாவுக்குள் துரத்துகிறது, நான்கு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள், விழும்போது டொய்ங் என்று ஒரு சத்தம், சவரம் செய்துகொள்கிறவர் சோப்பு நுரையோடு சிரிக்கிறார், கத்தி கன்னத்தில் இருக்கிறது, அவருக்குப் பயமில்லை. ஊரே இப்படி ஆகிவிட்டது. பயப்படுத்தத் தெரியாதவர்கள் எல்லாம் பேய்க்குப் பவுடர் பூசி ஆடவிட்டுவிடுகிறார்கள். இதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் துணிக்கு அடியிலிருந்து போனை எடுத்தேன், எடுத்திருக்கக் கூடாது, எடுத்தேன், கண்ணை மட்டும் தாழ்த்திப் படித்தேன், படித்து மார்க்கும் போட்டேன். எங்கள் பேய்ப்பட வாட்ஸ்அப் குரூப்பில் வேதமாணிக்கம் எழுதியிருந்தது இவ்வளவுதான். குளிக்கும்போது வழுக்கி விழுந்துவிட்டேன். காலை அசைக்க முடியவில்லை. தாழ்ப்பாள் எட்டவில்லை. குழாயும் எட்டவில்லை, தண்ணீர் மேலே விழுந்துகொண்டே இருக்கிறது. நான் எழுதினேன்: எட்டு. அலங்காரமே இல்லை. ரெண்டு மார்க் எதில் குறைத்தேன் என்று சாயங்காலம் சொல்கிறேன்.

எதில் குறைத்தேன் என்பது எனக்குத் தெரியும். கையில் போன் இருக்கிறவன் அதில் கதை எழுதிக்கொண்டா கிடப்பான், யாரையாவது கூப்பிட மாட்டானா, அந்த இடத்தில் நம்பும்படி இல்லை, அதற்கு ரெண்டு. பாலிடெக்னிக்கில் இருபத்தெட்டு வருஷமாக விடைத்தாள் திருத்துகிறவனுக்கு எதைக் கண்டாலும் எங்கே குறைக்கலாம் என்றுதான் முதலில் கண் போகும். எனக்குப் பின்னால் மற்றவர்கள் வரிசையாகப் போட்டார்கள். பெங்களூரிலிருந்து ரியாஸ் ஆறு போட்டு, ரொம்ப ஸ்லோ, பேய் எப்போ வரும் அங்கிள் என்று கேட்டிருந்தான். ரியாஸுக்கு எல்லாமே ஸ்லோ, முப்பது வயதில் அவனுக்கு அப்படி என்ன அவசரமோ, மூன்று நிமிஷத்துக்குள் யாராவது சாகவில்லை என்றால் ஓட்டிவிட்டுப் பார்ப்பான், ஓட்டிப் பார்த்துவிட்டு மொக்கை என்று எழுதுவான். நாகர்கோவிலிலிருந்து அமிர்தவல்லி சிஸ்டர் ஏழு போட்டு, ரத்தம் கொஞ்சம் சேர்த்திருக்கலாம் என்று யோசனை சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இன்னும் ரத்தம் போதவில்லை, குடலை உருவுகிற படமாகப் பார்த்து அனுப்புவார், சாப்பிடும்போது பார்க்க நல்லா இருக்கும் என்று கீழே ஒரு வரி. எங்கள் குரூப்பின் பெயர் ஒத்தையில பாக்காதிய. அதில் இருக்கிற முக்கால்வாசிப் பேர் ஒத்தையில்தான் பார்க்கிறார்கள். எந்தப் படம் நல்லது, எது ஏமாற்று, எதில் சத்தத்தை மட்டும் ஏற்றிப் பயங்காட்டியிருக்கிறார்கள் என்று வாரம் முழுக்கச் சண்டை, சனிக்கிழமை காலையில் இந்த விளையாட்டு. இப்போதே தனக்கு நடக்கிற மாதிரி ஒருவர் சில வரி எழுத வேண்டும், மற்றவர்கள் பத்துக்கு மார்க் போட வேண்டும். ஓர் ஆள் ஒரு தடவைதான் எழுதலாம். மதியம் வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் ஒன்றே ஒன்று கேட்கக் கூடாது, உண்மையா என்று. குரூப்பில் கேட்டாலும் தப்பு, தனியாகப் போன் போட்டுக் கேட்டாலும் தப்பு. கேட்டவர் தோற்றார், ஒரு வாரத்துக்குக் குரூப்பின் பெயர் மாறிவிடும். போன மாசம் ஒரு வாரம் முழுக்கப் பயந்த ரியாஸ் என்று இருந்தது, அவன் பெண்டாட்டி பார்த்துவிட்டு மாமியார் வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டாளாம். என் பெயர் ஒருமுறைகூட ஏறியதில்லை. அசையாத அண்ணாச்சி என்றே சிஸ்டர் கூப்பிடுவார். அந்த விதியை வைத்ததே நான்தான், பயந்தவன் கேள்வி கேட்பான், ரசிகன் மார்க் போடுவான் என்று பெரிய தத்துவம் மாதிரி எழுதினேன், எல்லாரும் கை தட்டுகிற பொம்மை அனுப்பினார்கள், இப்போது நினைத்தால் நாலு அறை விடலாம் போலிருக்கிறது, யாரை என்றுதான் தெரியவில்லை.

ஆட்டாதிய அண்ணாச்சி. ஆட்டவில்லை, ஆட்டவில்லை. அரிப்பு இப்போது பிடரிக்கு இறங்கிவிட்டது. வேதமாணிக்கத்துக்கு இதுவரை மூன்றுக்கு மேல் யாரும் போட்டதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், என்னைப் போய் அண்ணாச்சி என்பார், வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. குரூப்பில் இந்த ஊர்க்காரர்கள் அவரும் நானும் மட்டும்தான். அவர் எழுதுகிற கதைகளில் நாய் ஊளையிடும், கரண்ட் போகும், கொலுசுச் சத்தம் கேட்கும், கடைசியில் பாவம் அந்தப் பேய்க்கும் ஏதோ குடும்பப் பிரச்சினை இருக்கும். அவர் சிபாரிசு செய்கிற படங்களும் அந்த மாதிரிதான், கொஞ்சம் பயம் உண்டு, கடைசியில் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள், பிள்ளைகளோடு பார்க்கலாம் என்று எழுதுவார், பிள்ளைகளோடு பார்ப்பதற்கா வேய் இந்தக் குரூப் என்று நான் சீறுவேன், ஒரு கும்பிடு போட்டு மன்னிக்கவும் என்பார். பிள்ளைகள் அவருக்கு இல்லை. மனைவி எஸ்தர் அக்கா இறந்த பிறகுதான் இந்தப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தார், அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாள் கிரிக்கெட், இவ்வளவுதான் மனுஷன். ஏன் இதைப் போய்ப் பார்க்கிறீர் என்று ஒருமுறை போனில் கேட்டேன். "பேய்ப்படம் ஓடிச்சின்னா வீட்ல ஆள் இருக்க மாதிரி இருக்கு அண்ணாச்சி" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, இது ரசனையே இல்லை, பயம் என்பது வேறு என்று அரை மணி நேரம் பேசினேன், அவர் உம் உம் என்று கேட்டுக்கொண்டிருந்தார், பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. போன சனிக்கிழமையும் அப்படித்தான், மூன்று மார்க் வாங்கிவிட்டு எனக்குப் போன் போட்டு எங்கே தப்பு செய்கிறேன் என்று கேட்டார், சண்பகம் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், எனக்கு எரிச்சல், பேயைத் தூக்கிக் குப்பையில் போடும் வேய் என்றேன், உமக்கு நிஜமாகவே எது பயம், உம் வீட்டுக்குள்ளே என்ன பயம், அதை எழுதும், கொலுசு எழுதாதீர், சாதாரணமாக எழுதும், நாலு வரி போதும் என்றேன். சரி அண்ணாச்சி என்றார். ஆக, கற்றுக்கொண்டுவிட்டார். அதுதான் விஷயம். ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்து, தனியாக இருக்கிற கிழவனுக்கு எது பயம் என்று கண்டுபிடித்து, நான் சொன்ன மாதிரியே சாதாரணமாக எழுதியிருக்கிறார். இதில் போய் நான் உண்மையா என்று கேட்டால் என்ன ஆகும், முதல்முறையாக உருப்படியாக எழுதிய மனுஷனைக் கேவலப்படுத்தின மாதிரி ஆகும், இல்லை, அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருக்கலாம், அசையாத அண்ணாச்சியை அசைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லுவார், சொல்லட்டுமே, சொன்னால் எனக்கு என்ன, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றால் ஏன் இன்னும் கேட்காமல் இருக்கிறேன்.

டிவியில் பேய் இப்போது பாட்டுக்கு ஆடுகிறது. இசக்கிமுத்துவிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன், அடுத்த நாற்காலிக்காரர், நல்ல காமெடி சார் இருக்கட்டும் என்றார், இருக்கட்டும். சிஸ்டருக்கும் ரியாஸுக்கும் இப்போது வேறு சண்டை, பேயே வராத படத்தைப் பேய்ப்படம் என்று சொல்லலாமா என்று, ஆறு மாசத்துக்கு ஒருமுறை இந்தச் சண்டை வரும், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரி போடுவார்கள். அந்தச் சண்டைக்கு நடுவே ஒரு வரி வந்து விழுந்தது, வேதமாணிக்கத்தின் பெயரில். குளிர் தாங்க முடியவில்லை, வர முடியுமா. அவ்வளவுதான். ரியாஸ் உடனே, அங்கிள் ரெண்டாவது தடவை போடக் கூடாது, ரூல் இருக்கு, நான் ஒரு மார்க் கட் பண்றேன் என்று எழுதினான். சிஸ்டர், ஆனாலும் டச்சிங்கா இருக்கு என்றார். டச்சிங். நான் அந்த வரியைத் திரும்பப் படித்தேன். வர முடியுமா. யாரைக் கேட்கிறார். பெங்களூர்க்காரனையா, நாகர்கோவில்காரரையா. ஓர் ஆள் ஒரு தடவைதான் என்பது அவருக்குத் தெரியும், தெரியும் என்றால் மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரி இல்லை, ரோட்டில் ஆளே இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர் அவர், அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்திருக்கிறேன், குரூப்பில் ஒரு நாளைக்கு ஒரு சிபாரிசுதான் என்று நான் சும்மா சொன்னதை மூன்று வருஷமாக அவர் ஒருவர்தான் கடைப்பிடிக்கிறார். அவர் விதியை மீற மாட்டார். மீறியிருக்கிறார். இல்லை, மீறுவதும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கலாம், அது நல்ல உத்தி, நானாக இருந்தால் செய்வேன், ஆனால் அது நான், அவருக்கு அந்த அளவுக்கு மூளை போகாது, போகாது என்று நான் எப்படிச் சொல்ல முடியும், கையில் போன் இருக்கிறவன் யாரையாவது கூப்பிட மாட்டானா, கூப்பிடத்தானே செய்வான், முதலில் அதைத்தானே செய்வான், இங்கே வந்ததும் என் எண்ணம் ஒவ்வொரு தடவையும் நழுவி அரிப்புக்குப் போகிறது, டிவிக்குப் போகிறது, கல்யாணத்துக்குப் போகிறது, எனக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட்டார். இசக்கிமுத்து பிரஷ்ஷால் முதல் கோடு இழுத்தபோது துணிக்கு அடியில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன். வேதமாணிக்கம். சனிக்கிழமை காலை, நேற்றுப் பார்த்த படத்தின் கதையை முதலிலிருந்து சொல்லுவார், யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்புவார், எஸ்தர் இருந்திருந்தா சொல்லிருப்பா என்பார், முக்கால் மணி நேரம் போகும். ஆட்டாதிய என்றார் இசக்கிமுத்து. கட் பண்ணினேன். திரும்ப அடித்தது. திரும்பவும் கட் பண்ணினேன். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரூப்பில் அந்த நாலு வரி வந்தது. அதற்குத்தான் நான் எட்டு போட்டேன். யாரையாவது கூப்பிட மாட்டானா என்று ரெண்டு குறைத்தேன்.

இப்போது நான் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, முழுசாக அடித்து ஓய்ந்தது. எடுக்காதது சரி, மதியம் வரை பேசக் கூடாது, விதிப்படி நடக்கிறார். எடுக்காதது சரியில்லை, எடுக்க முடியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி கேட்கிறது. எத்தனை படங்களில் பார்த்திருக்கிறேன், போன் அடித்துக்கொண்டே இருக்கும், காமெரா மெதுவாகக் கூடத்தைத் தாண்டிப் போகும், இருக்கிற எல்லாருக்கும் முன்பே எனக்குத் தெரியும் கதவுக்குப் பின்னால் என்ன என்று, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லுவேன், பாருங்கள் இப்போது சத்தத்தை நிறுத்துவான் பாருங்கள் என்று. என்னைப் பயமுறுத்தின படம் என்று ஒன்று சொல்லச் சொன்னால் சொல்லத் தெரியாது. பயமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இறந்த அன்று காலையில் மூச்சு நின்ற பிறகும் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, வேஷ்டி ஓரம் காற்றில் லேசாக ஆடியது, அந்த வேஷ்டி ஓரத்தைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன், அதை எந்தக் குரூப்பிலும் எழுதியதில்லை, அதற்கு யாராவது மார்க் போட்டுவிடுவார்களோ என்று. அப்படியென்றால் பயம் என்னவென்று எனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. வேதமாணிக்கத்தை மட்டும் எழுதச் சொன்னேன். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் முடிந்தது, வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஆனால் தலை, தலை முழுக்கக் கறுப்புச் சேறு, கழுவிவிட்டுப் போகலாம், இப்போது கழுவினால் பாதிதான் பிடித்திருக்கும், திட்டுத்திட்டாக நிற்கும், சண்பகம் கல்யாண வீடு முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள், கழுவவே பத்து நிமிஷம் ஆகும், பத்து நிமிஷம் தண்ணீர் அவர் மேல் விழும். இதை யோசிக்கவும் பத்து நிமிஷம் ஆகியிருக்கிறது. அங்கே போய் நின்று, அவர் ஈஸிசேரில் காப்பி குடித்துக்கொண்டிருந்து, என்ன அண்ணாச்சி இந்தக் கோலம் என்று கேட்டால். கேட்கட்டும். கேட்டால் நல்லது. கேட்டால் நான் பயந்த ஆவுடையப்பனாக வருஷம் முழுக்க இருந்துகொள்கிறேன், குரூப் பெயரைத் திரும்ப மாற்றவே வேண்டாம். உண்மையா என்று குரூப்பில் எழுதினேன். அனுப்பினேன். அனுப்பின பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான காரியம் என்று தெரிந்தது, யாரிடம் பதில் எதிர்பார்த்து அதை எழுதினேன், எழுந்து ஓட வேண்டிய நேரத்தில் அதையும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். துணியோடு எழுந்தேன். "அண்ணாச்சி, தலை" என்றார் இசக்கிமுத்து. "உம்ம வண்டிய எடும்" என்றேன். என்ன குரலில் சொன்னேனோ, பாதிக் கன்னத்தில் நுரையோடு இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு அவர் சாவியை எடுத்தார்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போது காற்றில் டை நெற்றியில் வழிந்தது, மார்க்கெட்டில் தக்காளிக்காரம்மா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார், போன் துணிக்குள்ளே துடித்துக்கொண்டே இருந்தது, ரியாஸாகத்தான் இருக்கும், மாட்டிக்கிட்டீங்களா அங்கிள் என்று எழுதுவான், எழுதட்டும், எழுதிக்கொண்டே இருக்கட்டும், அவர் விதியை மீற மாட்டார், மீறினார், மீற மாட்டார், முன் கேட் பூட்டியிருக்கும், பின் பக்கம் அடுக்களைக் கதவு பகலில் பூட்டமாட்டார், எஸ்தர் அக்கா காலத்திலிருந்தே அப்படி. பின் பக்கம் திரும்பினதும் குளியலறைத் தண்ணீர் போகிற குழாயைப் பார்த்தேன். வாழை மூட்டில் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது, நிற்காமல், மண்ணை அரித்துச் சின்னதாக ஓர் ஓடையே ஓடியது. ரொம்ப நேரமாகக் கொட்டியிருக்கிறது. குளிக்கிற தண்ணீர் விட்டு விட்டு வரும், இப்படி ஒரே சீராக வராது. எனக்கு அந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. ஒரு முழு மூச்சு நேரம், ஃபேன் காற்றில் ஆடிய அந்த வேஷ்டி ஓரம். இசக்கிமுத்து என்னைத் தாண்டி உள்ளே போனார், அவர் பின்னால் நானும் போனேன், கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஏதோ படம், யாரோ யாரையோ தேடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேதமாணிக்கம் என்று நான் கத்தினேன். பிளாஸ்டிக் கதவு, இசக்கிமுத்து தோளால் இரண்டு முட்டு முட்டினதும் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே தரையில் சுவரில் சாய்ந்தபடி கிடந்தார், ஒரு கால் பார்க்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது, உதடு நீலம், கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்து அசைகிற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை, அசைந்தது. நான் குழாயை மூடினேன். இசக்கிமுத்து 108-க்குப் போன் பேச வெளியே ஓடினார். என் கழுத்திலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து வேதமாணிக்கத்தின் மேல் மூடினேன், அவர் அதை ஒரு கையால் இழுத்து இடுப்பை மறைத்துக்கொண்டார், அதற்கு மட்டும் அவருக்குத் தெம்பு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே வேய், 108-க்காவது அடித்திருக்கலாமே வேய் என்று அந்த நிலைமையிலும் நான் சீறினேன், வேறு மாதிரிப் பேச எனக்கு வரவில்லை. பல் தந்தியடிக்க மெதுவாகச் சொன்னார். "துணியில்லாம கெடக்கேன் அண்ணாச்சி. யாரக் கூப்பிட?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீங்க போன எடுக்கல. குரூப்ப ஒடனே பாப்பிய." அதில் குத்தல் எதுவும் இல்லை, கோளாறான லைனைப் பற்றி எக்ஸ்சேஞ்சில் சொல்லுகிற மாதிரி சொன்னார், எந்த வழியில் போட்டால் எனக்குக் கிடைக்கும் என்று. அவருடைய போன் கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின் மேலே தண்ணீர் படாமல் ஒரு சோப்பு டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது, மேலே குரூப்பின் பெயர் மாறியிருந்தது, பயந்த ஆவுடையப்பன், கீழே கை தட்டுகிற பொம்மைகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நான் ஈரத்தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துத் தேய்த்தேன், ஐஸ் மாதிரி இருந்தது, விரல்கள் மரத்துப்போயிருந்தன, நான் அடித்தபோது எடுக்க இந்த விரலுக்கு வந்திருக்காது, என் நெற்றியிலிருந்து டை சொட்டிச் சொட்டித் தரைத் தண்ணீரில் கறுப்பாகப் பரவியது, பேசாதீர் வேய் பேசாமல் கிடையும் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வழிகிற என் தலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "எட்டு போட்டிருந்திய, பாத்தேன்" என்றார், அந்த நீல உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, முதல்முறை நல்ல மார்க் வாங்கின பையன் வகுப்பில் அதை மறைக்கப் பார்ப்பது போல. பிறகு கண்ணை மூடிக்கொண்டார், நான் கையை இன்னும் வேகமாகத் தேய்த்தேன், தேய்க்கத் தேய்க்க, மூடின கண்ணோடு கேட்டார், "அந்த ரெண்டு மார்க்கு எதுல கொறச்சிய அண்ணாச்சி?"